ஏழாவது பாட்டு

வெள்ளி இரவு பன்னிரண்டு மணிக்கு
டெரன்ஸின் தனி அல்பம் வந்தது.
‘வாடகை அறை.’ ஒன்பது பாட்டு, நாற்பத்தொரு நிமிடம்.
அட்டையில் கொக்குவில் அறையின் ஃபேன்,
மூன்று இறகில் ஒன்று வளைந்தது.
வளைத்தது நான்தான். அது இப்போது தேவையில்லை.

சனி காலை ஸ்ரான்லி வீதிக் கடையில்
கிற்றார்க் கம்பி வாங்க வந்த துவாரகன்
காசு தருமுன்னமே தொடங்கிவிட்டான்:
"என்னண்ணை இது, பாடுறானோ அழுறானோ?
முத்தவெளியில அண்டைக்கு ஸ்பீக்கர் வெடிச்சதே,
அந்த டெரன்ஸ் எங்க?"
அன்றைக்கு வெடித்த ஸ்பீக்கருக்கு
மாதம் மூவாயிரமாய் ஒரு வருசம் கட்டினேன்.
சொல்லவில்லை. மிச்சத்தை எண்ணிக் கொடுத்தேன்.

கம்பஸில் படிக்கிற சாருகா
ஆறாவது பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப
பருத்தித்துறை பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போனாளாம்,
கண்டக்டர் மிச்சம் தராததும் தெரியாமல்.
"அந்தப் பாட்டில ஒண்டுமே நடக்கேல்லை.
ஒருத்தன் போனைச் சார்ஜில போடுறான், அவ்வளவுதான்.
அதுக்கு ஏன் நான் நெல்லியடியில இறங்க மறந்தனான்?"

பாசையூரில் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசிக்கிற பெனடிக்ற்
பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார்:
மூன்றாம் பாட்டு, இரண்டாம் நிமிடம், சுருதி கீழே.
ஐந்தாம் பாட்டு, மூச்சுச் சத்தம்.
எட்டுக்கு நேரே ஒரு கோடு,
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
"எட்டுக்கு என்ன?"
"அதை விடும்," என்று தாளை நாலாய் மடித்தார்.

ஸ்காபரோவிலிருந்து யாரோ குரல் அனுப்பியிருந்தார்,
பின்னால் பனி தள்ளுகிற சத்தம்:
"தம்பி, நல்லா இருக்கு. ஆனா
எங்கட சனம் பட்டதைப் பற்றி ஒரு வரி இல்லையே?"
வயலினுக்கு வில் மாற்ற வந்த கௌசிகா,
தகப்பனின் படத்தோடு இன்னும் கந்தோர் கந்தோராய் ஏறுகிறவள்,
அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"வாடகை கட்ட வழியில்லாமல் கிடந்ததும்
சனம் பட்டதுதானே."
வாசல் வரைக்கும் போய்த் திரும்பி,
"ஆனா அல்பம் எனக்கும் பிடிக்கேல்லை."

சண்டை ஏழாவது பாட்டில்தான்.
நடுவில் நாலு பார் வெறுமை.
கிற்றார் நிற்கிறது, குரல் நிற்கிறது,
தூரத்தில் ரயில் கடவை மணி மாத்திரம்.
பைல் பழுது என்றான் துவாரகன்.
இல்லை, அதுதான் பாட்டே என்றாள் சாருகா.
தாளம் பிடிக்கத் தெரியாத வேலை என்றார் பெனடிக்ற்.
நான் கண்ணாடி மேசையைத் துடைத்தேன்,
துடைத்த இடத்தையே.

அந்த இடத்தில் நான் அடிப்பேன்.
ஆறு வருசம், கறன்ற் இல்லாத இரவிலும்
எண்ணெய் ரின்னில் அடித்திருக்கிறேன்.
அந்த நாலு பாரில் மட்டும்
மைக்கை விட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான்.
பிறகு ஒரு நாள் பார்க்கவில்லை.
அதோடு பாண்ட் முடிந்தது.
ஒருவரும் கதைத்து முடித்ததில்லை.

எனக்காக விட்ட இடமா,
நான் இல்லாமலும் கடக்கலாம் என்று காட்டிய இடமா?
பதினான்கு தரம் கேட்டும் பிடிபடவில்லை.
ஒரு தரம் அழுகை வந்தது.
ஒரு தரம் தூசணம்.

ஞாயிறு இரவு எடுத்தான்.
"கேட்டனியோ?"
"கேட்டன்."
பின்னால் அதே ஃபேன் கடகடத்தது.
"என்ன மாதிரி?"
"ரெண்டாவது பாட்டு நீட்டுப்போச்சு."
"ஓம். எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம்."

பிறகு அவனும் கதைக்கவில்லை, நானும் இல்லை.
என் விரல் போனின் முதுகில்
தானாய் எண்ணத் தொடங்கியது.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
ஐந்தாவது பாரும் போயிற்று.
காசு அவனுடையது. நான் வைக்கவில்லை.